‘இடுப்பளவுத் தண்ணீர்’ படத்தில் இல்லாத காட்சி

முச்சந்தியில் அறுத்துப் போட்ட எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போகிறவன் அல்ல நான், மிதித்துக்கொண்டே போகிறவன். பொன்னேரியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பேய் வீடு என்று ஒதுக்கி வைத்திருந்தபோது அதில் குடியேறி நான்கு வருடம் குறட்டை விட்டுத் தூங்கினவன். பேய்க் கதைப் புத்தகங்களை நிறையப் படித்திருக்கிறேன், படித்த மறுநிமிடம் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம், நடந்ததைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் “நீதான் ஏதோ பண்ணிட்டே” என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் ஒன்றும் பண்ணவில்லை.

பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. வேலை நேரம் போக எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஏரியைப் பற்றி நாள் தவறாமல் குறித்து வைப்பேன். முகத்துவாரத்தை எந்த நாளில் மணல் மூடியது, எந்த நாளில் வெட்டித் திறந்தார்கள், பூநாரைகள் எந்த வாரம் வந்தன, எந்தக் கிழமை காற்று திரும்பியது, எல்லாம் இருக்கும். இதுவரை பதினோரு நோட்டுகள். யாரும் கேட்டு எழுதவில்லை, யாரும் படிக்கப்போவதும் இல்லை, ஆனால் எழுதினதில் ஒரு அடித்தல் கிடையாது.

இந்தப் பழக்கத்தால்தான் ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் குப்பத்துக்காரர்கள் என்னைச் சீட்டு எழுதக் கூப்பிட்டார்கள். அங்கே வழக்கம் இப்படி: முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடம் ஒன்று உண்டு, அதைப் பாடு என்பார்கள். கழி நட்டு வலையைச் சுற்றிக் கட்ட ஒரே சமயத்தில் எல்லாருக்கும் அங்கே இடமில்லை. அதனால் யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். எண்களை எழுதி, சுருட்டி, ஒரு பித்தளைக் குடத்தில் போடுவார்கள். பட்டியலில் பெயர் உள்ள ஆண்கள் ஒவ்வொருவராக வந்து கையை விட்டு எடுத்து, சீட்டு எழுதினவனிடம் கொடுக்க வேண்டும். அவன் பிரித்துச் சத்தமாக வாசிப்பான். எழுதுகிறவன் ஊரில் சொந்தபந்தம் இல்லாதவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. ஆறு வருடமாக அது நான். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அதை நன்றாக மனதில் வையுங்கள்: அந்தக் குடத்திலிருந்து எடுத்த சீட்டு எடுத்ததுதான். விளையாட்டுக்கு எடுத்தாலும் செல்லும். திரும்பக் குலுக்குவது என்பது கிடையாது.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

பழைய படகுத்துறை எந்த வருடம்வரை நின்றது என்று உறுதி செய்ய, இணையத்தில் ஏரி தெரியும் பழைய வீடியோக்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்படித்தான் ‘இடுப்பளவுத் தண்ணீர்’ கண்ணில் பட்டது. ஒன்றே முக்கால் மணி நேரப் படம். பார்த்தவர்கள் எண்ணிக்கை இருநூறுகூட இல்லை. கீழே ஒரே ஒரு கருத்து, அதுவும் “சவுண்டு சரியில்லை” என்று. படகுத்துறை வரும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடலாம் என்று திறந்தவன், சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கடைசிவரை பார்த்தேன்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பதினாலு வயதுப் பெண், அப்பாவுக்கு ஒரே பிள்ளை, அவரோடு படகில் போய் வலை கட்டுகிறவள். வயதுக்கு வருகிறாள். ஒதுக்கி உட்காரவைத்த ஓலைக் குடிசைக்குள் இருந்துகொண்டு, வெளியே போகும் படகுகளின் சத்தத்தை வைத்து எது தன் அப்பாவின் படகு என்று கண்டுபிடிக்கிறாள். சடங்கு முடிந்து மறுபடி படகுக்குப் போகிறாள். அப்பா அவள் கையிலிருந்து படகு தள்ளும் கழியை வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் அந்தக் காட்சி. நான் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தேன். கடைசியில் சீட்டு எடுக்கும் நாள். ஆண்கள் வட்டமாக நிற்கிறார்கள், அவள் வலை காயும் இடத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கிறாள், கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. பிறகு அவள் திரும்பி ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீர் வரும்வரை நடந்து போகிறாள். படம் முடிந்துவிடுகிறது. எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு பெண் வளர்கிறாள் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன இன்னொன்று என் நினைவில் இல்லை. இதை இருநூறு பேர்கூடப் பார்க்கவில்லை என்றால் குறை படத்தின் மேல் இல்லை. இதை எவரோடும் வாதாடத் தயார்.

அன்றே இன்னொரு முறை பார்த்தேன். அடுத்த வாரம் இரண்டு முறை. எந்த நிமிடத்தில் எந்தக் காட்சி என்று நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். மூன்றாவது முறையில்தான் அந்தப் பெண்ணை அடையாளம் தெரிந்தது. சனிக்கிழமைகளில் பழவேற்காடு கடைத்தெருவில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்து, பேரம் பேசுகிறவர்களை வாயாலேயே விரட்டுகிற அஞ்சலை. அதே தீவுக் குப்பத்துக்காரி. பதினாறு வருடம் கூடியிருந்தது, கண் மட்டும் அப்படியே.

போனில் காட்டினேன். கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். பிறகு, “இன்னா சார், இத்த எங்கேர்ந்து புடிச்ச? எட்த்துனு போனவங்க வந்து காட்றேன்னு சொன்னாங்க, அப்பிடியே கம்பி நீட்டிட்டாங்க,” என்றாள். அப்பா வரும் இடத்தில் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். படத்தில் அப்பாவாக நடித்திருந்தது அவளுடைய சொந்த அப்பா கன்னியப்பன்தான். வருடா வருடம் என் கையில் சீட்டைக் கொடுத்தவர், அந்த இளமை முகத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. போன ஐப்பசி மழையில் இறந்துபோனார். “எங்க நைனா எவ்ளோ ஷோக்கா கீறாரு பாரு சார். வூட்ல ஒரு போட்டோகூட சரியா இல்ல.”

அவளுக்கு அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டு வழக்கு அல்ல, ஊர் வழக்கு. கணவனை விட்டுவிட்டு மகளோடு திரும்பி வந்தவள், அப்பாவின் படகையும் வலையையும் தானே நடத்துவதாகச் சொல்லி, பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். பெண் கை குடத்துக்குள் போகாது என்று மூன்று முறையும் ஊர்த் தலைவர் ஏகாம்பரம் சொல்லிவிட்டார். பெயர் இல்லையென்றால் பாடு இருக்கும் இடத்தில் வலை கட்ட முடியாது. படகு கவிழ்ந்து கிடக்கும், அவள் ஆரம்பாக்கம் பக்கம் இறால் தலை கிள்ளும் வேலைக்குப் போக வேண்டும். புரட்டாசியில் சீட்டு. அதற்கு முதல் நாள் சாயங்காலம் படத்தை ஊரில் போட்டுக் காட்டு என்று என்னைக் கேட்டாள்.

“ஏம்மா, அன்னைக்கே ஏன்?” என்றேன்.

“எங்க நைனா அந்த வட்டத்துல நிக்கிறத எல்லாரும் ஒரு தபா பாக்கட்டும். அப்பறம் மறுநா காலீல அந்த எடத்த காலியா பாக்கட்டும்.”

எங்கள் பள்ளி அறிவியல் வாத்தியார் ஜோசப், எனக்கு நண்பர், அவர் பொறுப்பில் இருந்த புரொஜெக்டரையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு இருவரும் மாலைப் படகில் போனோம். புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர்தான் திரை. இருட்டியதும் ஆரம்பித்தோம். பெண்களும் பிள்ளைகளும் சுவரை ஒட்டி முன்னால், ஆண்கள் நடுவில், நானும் ஜோசப்பும் எல்லாருக்கும் பின்னால் புரொஜெக்டரோடு. குறைந்தது எண்பது பேர் இருப்பார்கள்.

தலைவர் ஏகாம்பரம் ஒரு நாற்காலியைப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். “கிளார்க் சார், ஒண்ணு தெரியுமா? இந்தப் படத்துக்கு நாந்தான் வில்லன்,” என்று சிரித்தார். “டைரக்டரு இன்னா கேட்டான்னா, அந்தப் பொண்ணு வட்டத்துக்குள்ள பூந்து சீட்டு எடுக்கணுமாம். ஊர்க் கொடத்துலயே கையி வெக்கணுமாம். நடிப்புனா கொடத்துக்குத் தெரியுமா? எட்த்தா எட்த்ததுதானே. முடியாதுன்னுட்டேன். ஆம்பளைங்க எடுக்கறதுக்கே வெறுங் காயிதத்தத்தான் போட வெச்சேன். அந்தப் பொண்ண வட்டத்துகிட்டயே வுடல. நைனாக்காரன் கன்னியப்பனே எம் பக்கம்தான் பேசினான்.”

“அதான் தள்ளி நிக்கவச்சு எடுத்திருக்காங்க,” என்றேன்.

“ஆமா. அழுதுனே நின்னுச்சு பாவம்.”

இந்தப் பேச்சை நான் அன்றிரவே எழுதிவைத்தேன், வார்த்தை மாறாமல். அந்தக் காட்சி எடுக்கப்படவே இல்லை என்பதற்கு, எடுக்கவிடாதவரே சாட்சி.

படம் ஓடியது. பழைய முகங்களைப் பார்த்து ஒரே கூச்சல். “டேய், உனுக்கு அப்போ தலைல முடி கீதுடா!” “சித்தி, இதாரு, நீயா? எலும்புக்கூடு மாரி கீற!” கன்னியப்பன் கழியை வாங்கிக்கொள்ளும் இடத்தில் சத்தம் அடங்கிற்று. கடைசிக் காட்சி வந்தது. ஆண்கள் வட்டம், நடுவில் குடம், தள்ளி அந்தப் பெண். என் குறிப்பின்படி அவள் முகம் மட்டும் நீளமாக வர வேண்டும், பிறகு அவள் ஏரிப் பக்கம் திரும்ப வேண்டும்.

அவள் ஏரிப் பக்கம் திரும்பவில்லை. வட்டத்தை நோக்கி நடந்தாள்.

முதலில் நான் என் நோட்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஜோசப் என் முழங்கையைப் பிடித்தார், அவரும் என்னோடு ஒருமுறை பார்த்திருந்தவர். திரையில் ஆண்கள் விலகினார்கள். கன்னியப்பன் அவளைப் பார்த்தார், தடுக்கவில்லை. அவள் குனிந்து குடத்துக்குள் கையை விட்டாள், முழங்கைவரை போயிற்று அந்தக் கை, வளையல் குடத்தின் வாயில் பட்டுக் கிணுக்கென்று சத்தம் கேட்டது, ஒலி சரியில்லாத அந்தப் படத்தில் அது மட்டும் அவ்வளவு துல்லியமாக. சீட்டை எடுத்தாள். அது பிரிந்தது. ஏழு என்று இருந்தது. கண்ணால் படித்தேன் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன். கூட்டம் முழுக்க “ஏழு”, “ஏழு” என்று முணுமுணுப்பு ஓடியது. பிறகு அவள் ஏரிக்குள் நடந்தாள், படம் முடிந்தது.

ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். “இத்த எப்போ எட்த்தானுங்க?” என்றார் என்னைப் பார்த்து. நான் பதில் சொல்லுமுன் முன்னாலிருந்து அஞ்சலை எழுந்தாள்.

“எப்போ எட்த்தா இன்னா மாமா? எட்த்தா எட்த்ததுதானே? இத்தினி வாயி ஏழுன்னு சொல்லிச்சே, கேட்டுச்சா இல்லியா?”

“ஏய், சினிமாவ காட்டி டபாய்க்கிறியா?” என்று கத்தினான் வேலாயுதம். தலைவரின் மச்சான் அவன், கன்னியப்பனின் பெயர் போனால் ஒரு முறை குறைந்து தனக்குச் சீக்கிரம் வரும் என்று காத்திருந்தவன்.

அங்கேயே படத்தின் கடைசிப் பகுதியை மறுபடி போட்டேன். அதே மடிக்கணினி, அதே படம். அவள் தள்ளி நின்றாள். வட்டத்துக்குள் போகவில்லை. ஏரிக்குள் நடந்தாள். மூன்று முறை போட்டோம், மூன்று முறையும் அப்படித்தான். ஜோசப், “கூட்டமா பாக்கும்போது மனசு ஏமாத்தும்யா,” என்றார். எண்பது மனசு ஒரே எண்ணைச் சொல்லி ஏமாற்றுமா என்று கேட்டேன். அவர் குனிந்து புரொஜெக்டர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை, நல்ல வெயில். பட்டியலில் பதினெட்டுப் பெயர், அஞ்சலை பெயர் இல்லை. பதினெட்டுச் சீட்டை அவர்கள் கண்முன்னால் எழுதினேன். ஒன்று முதல் பதினெட்டு வரை நான் வாசிக்க, ஏகாம்பரம் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துத் தானே சுருட்டிக் குடத்தில் போட்டார். ஏழையும் போட்டார், போடும்போது என்னைப் பார்த்து, “இந்தா, ஏழு போவுது, பாத்துக்க,” என்று கேலியாகச் சொன்னார். இதைவிட ஒரு சாட்சி என்ன வேண்டும்?

எடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். பதினேழு பேர் எடுத்தாகிவிட்டது, ஏழு வரவில்லை. கடைசி ஆள் வேலாயுதம். “பாத்தியா, அது எங்கிட்ட வந்துச்சு,” என்று சிரித்துக்கொண்டே கையை விட்டான். சிரிப்பு நின்றது. துழாவினான். குடத்தைக் கவிழ்த்தார்கள், தட்டினார்கள், உள்ளே ஒருவன் டார்ச் அடித்துப் பார்த்தான். குடம் காலி.

“கிளார்க்குதான் அமுக்கிட்டான்!” என்றான் வேலாயுதம். “ரெண்டு பேரும் பேசி வெச்சினு பண்றாங்க!”

சட்டைப் பை, வேட்டி மடிப்பு, நோட்டு, செருப்புக்கு அடி, எல்லாம் பார்த்தார்கள். ஆறு வருடம் என்னைச் ‘சார்’ என்று கூப்பிட்ட ஊர், நடுவெயிலில் நிற்கவைத்துச் சோதித்தது. கையை விரித்து நின்றேன். “தேடுங்க. ஆனா ஒன்னு, சீட்டக் குடத்துல போட்டது தலைவர் கை. நான் குடத்தைத் தொடவே இல்ல. அதையும் சேர்த்துச் சொல்லுங்க,” என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

எதுவும் கிடைக்கவில்லை. திரும்பக் குலுக்கலாம் என்று வேலாயுதம் சொன்னதும் நாலைந்து கிழவர்கள் ஒரே சமயத்தில் கத்தினார்கள், அப்படி ஒரு பேச்சே எடுக்கக் கூடாதென்று. எடுத்த பதினேழும் செல்லும். அப்படியானால் ஏழும் எங்கேயோ எடுக்கப்பட்டுவிட்டது, அதுவும் செல்லும். அவர்கள் கட்டுப்பாடே அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது. வட்டத்துக்கு வெளியே, வலை காயும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அஞ்சலையை ஏகாம்பரம் வெகுநேரம் பார்த்தார்.

“எழுது சார்,” என்றார் கடைசியில். “ஏழு, கன்னியப்பன் பொண்ணு அஞ்சலை. வேலாயுதத்துக்குப் பத்தொம்போது.”

எழுதினேன். அந்த ஊர்ப் பட்டியலில் முதல் பெண் பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது. வேலாயுதம் இன்றும் பழவேற்காட்டில் என்னைக் கண்டால் காறித் துப்புகிறான். அடுத்த சீட்டுக்கு வேறு ஆளைப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார்கள். பார்க்கட்டும். ஜோசப்கூட, “அந்தப் பக்கத்தையாவது நோட்லேர்ந்து அடிச்சிடுய்யா, பேர் கெடுது,” என்றார். அடிக்கமாட்டேன். நடந்ததை நடந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். நடந்ததற்கு விளக்கம் எழுதுவது என் வேலை அல்ல.

ஏழாம் முறை வந்தபோது அஞ்சலை முதல் தடவையாகப் பாடு இருக்கும் இடத்தில் வலை கட்டினாள். அன்று படகுத்துறைக்குப் போயிருந்தேன். இரண்டு கூடை நிறைய இறாலோடு இறங்கினாள், சேலை முழுக்கச் சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் போன பிறகு கேட்டேன், “உன்கிட்டயாவது உண்மை இருக்கா அஞ்சலை? அந்த ஏழு எங்க போச்சு?”

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இன்னா சார் நீ? உங்கையிலதான குடுத்தேன்.”

“எப்போ?”

“படத்துல. நைனா பக்கத்துல நீதான நின்னுனு இருந்த, நோட்டு வெச்சினு. நீ வாங்கிப் பிரிச்சுப் படிச்சதாலதான ஏழுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. அந்தத் துண்டுக் காயிதம் செவுத்துல எங்க தெரிஞ்சுது?”

படம் எடுத்தபோது நான் இந்த ஏரியைப் பார்த்ததுகூடக் கிடையாது, பொன்னேரியில் இருந்தேன் என்றேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அன்று சாயங்காலம் முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பா முகம் வரும் இடத்தையெல்லாம் சுவரிலிருந்து பதிவு செய்து வைத்திருந்தாள். கன்னியப்பன் கழியை வாங்குகிறார், தெரிகிறது. வட்டத்தில் நிற்கிறார், தெரிகிறது. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைச் சுவர். உருவமே இல்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்கிறது, அதை அடுத்து ஒரு காகிதம் பிரியும் சத்தம்.

பிறகு ஒரு ஆண் குரல், போனுக்கு மிக அருகில், சுவர் இருக்கும் பக்கத்திலிருந்து, “ஏழு” என்கிறது. சீட்டு வாசிக்கும்போது எண்ணின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வது என் பழக்கம். அந்தக் குரலும் இழுக்கிறது. அந்த நேரத்தில் நான் கூட்டத்துக்குப் பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை, ஜோசப் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.